நான்கு எழுத்து மிச்சம்

ஓர் ஆளுக்கு நான்கு எழுத்து இடம் மிச்சம் பிடித்தவன் நான். ஆயிரத்து எண்ணூறு பேர் என்று வைத்துக்கொண்டால் ஏழாயிரத்து இருநூறு எழுத்து. அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, டாக்டரம்மாவிடம் காட்டினேன். உங்களைப் போலச் சிக்கனமான ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அவர் சொன்னார். அந்தப் பாராட்டு இத்தனை வருஷம் கழித்தும் நினைவுக்கு வருகிறது. வந்தால் அன்று சாப்பாடு இறங்குவதில்லை.

அந்த நான்கு எழுத்தால் ஒரு பெண்ணின் மாத்திரை நின்றது. அதைத்தான் எழுதப் போகிறேன். பெயர்களை எழுதவில்லை. அவள் பெயரை எழுத எனக்குத் தகுதி இல்லை, மற்றவர்கள் பெயரை எழுதி என்ன ஆகப் போகிறது.

எண்பதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைமேல் காச நோய்க்கு ஒரு சின்ன மையம் இருந்தது. ஓட்டுக் கட்டடம், ஐந்து அறை, பதினேழு ஜன்னல். ஒரு டாக்டரம்மா, இரண்டு நர்ஸ், மாத்திரை கொடுக்க ஓர் ஆள், பதிவேடு எழுத நான். அதற்கு முன் செங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் எழுத்தராக இருந்தேன். மலைக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. யார் எந்த ஊர், எப்போது மாத்திரை தொடங்கினார், எத்தனை மாதம் ஆயிற்று என்பதை எழுதி வைப்பது என் வேலை.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் அந்த நோய்க்குப் பதினெட்டு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். மூன்றாம் மாதம் இருமல் குறையும். ஐந்தாம் மாதம் உடம்பில் சதை பிடிக்கும். ஆள் குணமாகிவிட்டதாக நினைப்பார். அங்கே நிறுத்தினால் நோய் திரும்ப வரும். திரும்ப வந்தால் பெரும்பாலும் அதே மாத்திரை கேட்காது. அதனால் பதினெட்டு என்ற கணக்கில் ஒரு மாதமும் குறையக் கூடாது. டாக்டரம்மா எங்களுக்குச் சொன்ன முதல் பாடமும் கடைசிப் பாடமும் அதுதான்.

மூன்றாவது வருஷம் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வெளிநாட்டில் யாரோ நல்ல மனிதர்கள் கொடுத்தது. வேலூரிலிருந்து வேனில் வந்து, கடைசி ஒன்றரை மைல் மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் வைத்துக் கொண்டுவரப்பட்டது. இப்போது இருப்பதைப் போல உள்ளே பெரிய சேமிப்பு எதுவும் அதில் கிடையாது. முன்பக்கம் இரண்டு வாய். ஒரு வாயில் புரோகிராம் பிளாப்பி, இன்னொரு வாயில் எங்கள் நோயாளிகள் இருக்கும் பிளாப்பி. கறுப்பாக, சதுரமாக, விசிறி மட்டை மாதிரி வளையும். அந்த ஒரு பிளாப்பியில் மூன்று லட்சத்து அறுபத்திரண்டாயிரம் எழுத்துதான் பிடிக்கும். நம் மலை முழுதும் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆகவே அட்டவணையை அமைக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் எண்ணினேன். ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயருக்கு இவ்வளவு, ஊருக்கு இவ்வளவு, தொடங்கிய நாளுக்கு இவ்வளவு. ஓர் ஆளுக்கு ஓர் எண் என்று தனியாக ஒரு பத்தி வைக்க வேண்டும் என்று முதலில் இருந்தது. நான்கு எழுத்து. எதற்கு என்று யோசித்தேன். திரையின் ஓரத்தில் இயந்திரமே ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் காட்டுகிறது. முதல் வரிக்கு ஒன்று, நூறாவது வரிக்கு நூறு. தானாகக் காட்டுகிற எண்ணை நாம் மறுபடி எழுதி இடத்தை அடைப்பானேன்? அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். வரியின் எண்ணே ஆளின் எண் என்று முடிவு செய்தேன்.

ஒன்பது பதிவேடுகளில் இருந்த எல்லாரையும் நானே ஏற்றினேன். எழுபத்தாறு நாள் ஆயிற்று. முதலில் மையத்தைச் சுற்றியுள்ள ஊர்கள், பிறகு மேலே மேலே போய் நெல்லிவாசல் நாடு என்கிற ஊர்க்கூட்டம், அதற்குப் பிறகு கீழே படவேட்டுப் பக்கத்து ஆட்கள் என்று வரிசை. ஏற்றி முடித்ததும் ஒவ்வொருவருக்கும் அவர் வரி எண்ணை அடித்த ஓர் அலுமினிய வில்லை கொடுத்தோம். அட்டை கொடுத்துப் பார்த்தாயிற்று. அட்டையைக் கூரையில் செருகுவார்கள், ஒரு மழைக்கு ஊறிவிடும். பெயரை வைத்தும் ஆளைப் பிடிக்க முடியாது. மலையில் பெயர்கள் குறைவு, சாமி பெயரும் தாத்தன் பெயரும்தான் சுற்றிச் சுற்றி வரும். ஒரே குக்கிராமத்தில் ஒரே பெயரில் ஏழு பேரை நான் எண்ணியிருக்கிறேன். வில்லையில் எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஆண்கள் அரைஞாணில் கட்டிக்கொண்டார்கள், பெண்கள் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள்.

வில்லை கொடுத்த அன்று ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாய்க்குத்தான் சாரு முனிசிபாலிட்டில இது மாதிரி வில்ல கட்டுவாங்க. எங்கள எப்ப வண்டியில ஏத்தப் போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஆடி மாதத்தில் பிளாப்பி நிறைந்துவிட்டது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றாவது ஆளை ஏற்றிய பிறகு, இடம் இல்லை என்று திரையில் வந்தது. வெளியே புதிதாக இருபது பேர் காத்திருந்தார்கள். நான் பயப்படவில்லை. இறந்தவர்கள், மலையை விட்டே போய்விட்டவர்கள் என்று அறுபத்தொரு பேரின் சீட்டுகள் என் மேஜையில் ஒரு குண்டூசியில் குத்தியிருந்தன. அவர்களை அழித்தால் ஒரு வரிக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு எழுத்து வீதம் பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடம் கிடைக்கும். ஒவ்வொருவராகத் தேடி அழித்தேன். அழித்த ஒவ்வொரு சீட்டையும் கிழித்து அடுப்பில் போடச் சொன்னேன். இறந்தவர் சீட்டை வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

முடித்துவிட்டுப் புது ஆளை ஏற்றினேன். இடம் இல்லை என்றது. அணைத்துவிட்டுப் போட்டேன். இடம் இல்லை. பட்டியலைத் திரையில் வரச் செய்தேன். அழித்த அறுபத்தொரு பேரும் அப்படியே இருந்தார்கள், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நட்சத்திரக் குறியோடு. அழித்தவற்றைக் காட்டாதே என்று சொன்னால் காட்டாது. ஆனால் பிளாப்பியில் ஓர் எழுத்து இடம்கூட விடவில்லை. இறந்தவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வேலூருக்கு ஆள் அனுப்பி, இயந்திரம் பார்க்கும் டெக்னீஷியனை வரவழைத்தோம். அவர் வர ஒன்பது நாள் ஆயிற்று. இருபத்தைந்து வயது இருக்கும். பஸ் வளைவுகளில் வாந்தி எடுத்து வெளுத்துப் போய் வந்தார். என் நட்சத்திரங்களைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

"டெலிட் பண்ணா அது குறி மட்டும்தான் சார் போடும். மனசு மாறுனா திரும்பக் கூப்ட்டுக்கலாம் பாருங்க, அதுக்குத்தான். எடம் வேணும்னா பேக் பண்ணணும்."

பேக் என்றால் நெருக்கி அடுக்குவது என்று விளக்கினார். குறி போட்ட வரிகளை எடுத்துவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் வரிகளை மேலே நகர்த்திக் காலி இடங்களை மூடிவிடும். அதற்குப் பிறகு எடுத்ததைத் திரும்பக் கூப்பிட முடியாது. வேறு பிளாப்பியில் பழைய நகல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் பயமில்லை என்றார். வில்லையில் அடித்திருப்பது வரியின் எண் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கீழே இருக்கும் வரி மேலே நகரும் என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது.

ஆங்கிலத்தில் நான்கு எழுத்துள்ள அந்தக் கட்டளையை அவர் அடித்தார். பிளாப்பி ஐந்து நிமிஷம் கறகறவென்று அரைத்தது. முடிந்ததும் அளவைப் பார்த்தேன், பழைய அளவே காட்டியது. மூன்று தரம் பார்த்தேன். அவர் சிரித்தார்.

"ஃபைல மூடுங்க சார் மொதல்ல. மூடுனாத்தான் எடத்த விடும்."

மூடினேன். இடம் வந்தது. பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நான் போட்ட கணக்குப்படியே. கடைசி வரியின் எண் ஆயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டு. ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றிலிருந்து அறுபத்தொன்று குறைந்தால் அதுதான் வர வேண்டும் என்று கழித்துப் பார்த்துத் திருப்திப்பட்டேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்றாம் எண் வில்லையைக் கட்டிய கிழவர் உயிரோடு இருக்கிறார், அதற்கு முந்தின வாரம்தான் வந்துபோனார் என்பது நினைவுக்கு வரவில்லை. டெக்னீஷியன் பஸ் ஏறிய பிறகு, இரண்டு பிளாப்பியும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, புதியதைப் பழைய நகலின்மேல் நகல் எடுத்தேன். பழைய பதிவேடுகள் ஆள் வந்த தேதிப்படி எழுதியவை, நான் ஏற்றிய ஊர் வரிசை அவற்றில் கிடையாது. அதோடு பழைய வரிசை இந்த உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போயிற்று. மக்களின் கழுத்திலும் இடுப்பிலும் மட்டும் இருந்தது.

இது ஏன் உடனே தெரியவில்லை என்று கேட்கலாம். மாதா மாதம் நான் அச்செடுக்கும் பட்டியலில் பெயர் கிடையாது. ரிப்பன் தேயும், தாள் செலவாகும் என்று எண்ணை மட்டும் அச்செடுப்பேன். மாத்திரை தொடர வேண்டிய எண்கள், பதினெட்டு மாதம் முடிந்த எண்கள், அவ்வளவுதான். ஒரே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே முகாமில் ஒரே நாளில் தொடங்கியவர்கள். அதனால் ஒருவர் இடத்துக்குப் பத்து வீடு தள்ளி இருப்பவர் வந்தாலும் நாள் ஒன்றாகவே இருந்தது, தவறு வெளியே தெரியவில்லை. ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஊர் தொடங்கும் ஓரத்தில் இருந்தவர்களுக்குத்தான் மாறியது.

அவள் அப்படி ஓர் ஓரத்தில் இருந்தாள். நெல்லிவாசல் நாட்டில் கடைசி ஊர், அந்த ஊரில் கடைசி வீடு. எண் நானூற்றுப் பதினெட்டு. அவளுக்குப் பின்னால் படவேட்டுப் பக்கத்து ஆட்கள், அவளுக்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கியவர்கள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களில் பதினான்கு பேர் இறந்தோ போயோ அழிந்திருந்தார்கள். ஆகவே அவள் நானூற்று நாலாவது வரிக்கு நகர்ந்திருந்தாள். நானூற்றுப் பதினெட்டாவது வரியில் அடிவாரத்துக் கரும்புத் தோட்டத்து ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் பிறகு கண்டுபிடித்தது.

அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். மாதம் ஒரு தரம் நான்கு மணி நேரம் நடந்து வருவாள். ஒரு தடவையும் தவறியதில்லை. புரட்டாசியில் வந்தாள். டாக்டரம்மா ஒரு கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தார். வாசலில் மேஜை போட்டு, வில்லையைப் பார்த்து, பட்டியலில் சரிபார்த்து, மாத்திரை ஜன்னலுக்கு அனுப்புவது என் வேலை. வரிசையில் அறுபத்து மூன்று பேர். அவள் எண் முடிந்தவர்கள் பட்டியலில் இருந்தது. உனக்கு முடிந்துவிட்டது, இனி மாத்திரை வேண்டாம் என்றேன்.

"இல்ல சாரு. ஏழுதான் ஆவுது."

குனிந்து கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினாள். வில்லைக்கு மேலே கயிற்றில் முடிச்சுகள் போட்டிருந்தாள், மாத்திரை வாங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒன்று. நான் எண்ணினேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது என் வழக்கம். ஏழு முடிச்சு இருந்தது.

"நடுவுல போட மறந்திருப்பம்மா."

"எங்க சாரு மறக்கறது? வாங்கின ஒடனே இந்தப் புளியமரத்தாண்ட ஒக்காந்துதான போடறேன்."

"மெஷின்ல பதினெட்டுன்னு இருக்குது."

அவள் கம்ப்யூட்டர் இருந்த அறைப் பக்கம் பார்த்தாள். தூசி போகாமல் இருக்க வாசலுக்குப் பச்சைத் திரை தொங்கவிட்டிருந்தோம். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

"மெஷினு சொன்னா செரி சாரு. அப்ப நாங்க காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போலாமா? இந்த மாத்திரைக்காவத்தான் போவாம இருந்தோம்."

போகலாம் என்றேன். நன்றாக இருக்கச் சொன்னேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

தையில், பொங்கல் முடிந்த வாரம், இரண்டு பேர் ஒரே எண்ணோடு வந்தார்கள். ஒருவர் பக்கத்து ஊர் ஆள். இன்னொருவர் படவேட்டுக் கிழவி, இருமலுக்குப் பழைய நோயாளி. இருவர் வில்லையிலும் ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. பேக் செய்த பிறகு புதியவர்களை ஏற்றியபோது, ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்றிலிருந்து நான் மறுபடி வில்லை அடித்துக் கொடுத்திருந்தேன். அந்த எண்களெல்லாம் ஏற்கனவே மக்கள் கழுத்தில் இருந்தவை. கிழவி இரண்டு வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஒரே நம்பரு. அப்ப இவுரு எனக்கு இன்னா மொறை ஆவணும்னு நீங்களே சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறாவது வரியைப் பார்த்தேன். பக்கத்து ஊர் ஆள் இருந்தார். கிழவியைப் பெயர் வைத்துத் தேடினேன். ஐம்பத்தெட்டு வரி மேலே இருந்தாள். வில்லை அடித்தபோது கூடக் குறைய ஏதாவது தவறினேனா என்று யோசித்தேன். பிறகு டெக்னீஷியன் சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. கீழே இருக்கும் வரி மேலே நகரும். ஆயிரத்து எண்ணூறு பேரையும் அவரவர் இடத்திலிருந்து தள்ளி விட்டிருக்கிறேன் என்று புரிந்தது. எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினேன். திரும்ப வந்து மறுபடியும் பார்த்தேன். அப்படியே இருந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, மெல்லப் பேசினார்.

"முடிஞ்சிதுன்னு சொல்லி அனுப்பினவங்கள மொதல்ல போய்ப் பாருங்க. மத்தது எல்லாம் அப்பறம்."

பேக் செய்த பிறகு அப்படி நாங்கள் அனுப்பியவர்கள் நாற்பத்து மூன்று பேர். நர்ஸுகளுக்கு முகம் தெரியும், அவர்கள் சொன்னபடி இவர்கள் இருபத்திரண்டு ஊர்களில் சிதறி இருந்தார்கள். நான் சரி என்றேன். அறைக்குப் போய் யோசித்தேன். நாற்பத்து மூன்று பேரில் யாருக்கு உண்மையில் முடிந்தது, யாருக்கு முடியவில்லை என்று எப்படித் தெரியும்? அழித்த அறுபத்தொரு பேரின் பழைய எண்கள் தெரிந்தால், எந்த எண் எத்தனை வரி நகர்ந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். சீட்டுகளை எரித்துவிட்டேன். அவர்களின் வில்லைகளும் கிடைக்காது. மலையில் இறந்தவரின் உடம்பில் கட்டியிருந்த எதையும் அவிழ்த்து எடுக்கமாட்டார்கள், அதோடு புதைத்துவிடுவார்கள். இறந்தவர்களின் எண்கள் மண்ணுக்குள் இருந்தன. உயிரோடு இருப்பவர்களின் வில்லைகளை ஒன்றிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால், எங்கெங்கே எண் விட்டுப்போகிறது என்று தெரியும். அப்படிச் செய்தால் ஒரு பிழையும் இல்லாமல் முழுப் பட்டியலும் திரும்பக் கிடைக்கும்.

மறுநாள் காலை ஒன்றாம் எண் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

நாற்பத்து மூன்று பேரிடமும் நேரே போய், உனக்கு எத்தனை மாதம் ஆயிற்று என்று கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள். அவள் சொன்னாள்தானே. கேட்டுத் தெரிந்துகொள்வது கணக்கு ஆகாது என்று எனக்குப் பட்டது. அவளை மறந்துவிட்டேன் என்று எழுதினால் மனசுக்குக் கொஞ்சம் சுலபமாக இருக்கும். மறக்கவில்லை. டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே அவளும் அந்த ஏழு முடிச்சும் நினைவுக்கு வந்தன. ஆனால் நானூற்றுப் பதினெட்டு என்றுதான் நினைவுக்கு வந்தாள். நானூற்றுப் பதினேழு முடிந்ததும் அவளிடம் போய்விடுவேன் என்று நினைத்தேன். எப்படியும் காப்பித் தோட்டத்தில் இருப்பாள், இப்போது போனால் பார்க்க முடியாது என்றும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மாவிடம் தினமும் இத்தனை பேரைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். எந்த வரிசையில் என்று அவர் கேட்கவில்லை. நான் அவர் சொன்னபடி செய்வதாக நம்பியிருப்பார்.

ஒரு நாளைக்கு எட்டு பேர். சில நாள் ஆறு. வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தன, ஆட்கள் காட்டுக்குப் போயிருப்பார்கள், சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். போகிற ஊரிலெல்லாம் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். வில்லையைக் கேட்டதும் அரைஞாணைத் தூக்கிக் காட்டினார்கள். எதற்கு என்று சிலர் கேட்டார்கள். சரிபார்க்கிறோம் என்றேன். இறந்தவர்கள் வீட்டில் எண் என்னவென்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு பெண், அவுரு கிட்டயே இருக்குது சாரு என்று மட்டும் சொன்னாள். என் நோட்டில் விட்டுப்போன எண்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் எழுதினேன். ஒன்று சரியாக அமையும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஐம்பத்திரண்டாம் நாள் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பங்குனி பிறந்திருந்தது. முந்தின நாளே அந்த ஊரில் மற்ற ஆறு பேரைப் பார்த்து முடித்து, ஒருவர் வீட்டில் படுத்திருந்தேன். அவள் வீடு தனியாக, ஓர் ஓடை தாண்டி இருந்தது. காலையில் வெயில் ஏறும் முன் போனேன். அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, அவள் காட்டுக்குப் போயிருக்கிறாளா என்று கேட்டேன்.

அவர் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

என்னிடம் கேட்டுவிட்டு வந்த அடுத்த வாரமே இருவரும் காப்பித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். கார்த்திகை வரை நன்றாக இருந்திருக்கிறாள். மார்கழியில் இருமல் வந்திருக்கிறது, அங்கே குளிர் என்று நினைத்திருக்கிறார்கள். தையில் ரத்தம் வந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார்கள். அவர் மையத்துக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். தூக்கிக்கொண்டு போக ஆளும் பார்த்து வைத்திருக்கிறார்.

"அதுதான் வேணாம்னிச்சி. சாரு முடிஞ்சிச்சின்னு எழுதிட்டாரு, இனிமே மெஷினுல நான் இருக்கமாட்டேன், போனா இன்னாத்துக்கு வந்தேன்னு கேப்பாங்கன்னு சொல்லிச்சி. நான் ரெண்டு தபா கேட்டேன் சாரு. நாட்டு மருந்து குடுத்தோம்."

நான் எதற்கு வந்தேன் என்பதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம், அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அப்படி வர என்னால் முடியவில்லை. மாத்திரை முடியவில்லை, ஏழுதான் ஆகியிருந்தது, அவள் சொன்னதுதான் சரி, தவறு என்னுடையது என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். பிளாப்பி நிறைந்ததையும், இறந்தவர்களை அழித்ததையும், அழித்தும் இடம் வராததையும் சொன்னேன். இடத்துக்காக மற்றவர்களை மேலே நெருக்கி உட்காரவைத்தோம், அதில் அவரவர் எண் மாறிவிட்டது என்றேன். புளியின் ஓடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்து, நடுவில் இரண்டை எடுத்து, மற்றதை நகர்த்திக் காட்டினேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர். ஒரே தடவையில் புரிந்துகொண்டார்.

"செத்தவங்க எடம் காலியா இருக்கக் கூடாதுன்னு என் பொண்டாட்டிய அங்க தள்ளி வுட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சரியாகப் புரிந்துகொண்டாரா என்று என்னிடம் கேட்பதுபோலச் சொன்னார். நான் ஆமாம் என்றேன். அவர் உட்கார்ந்து மறுபடி புளி உடைக்க ஆரம்பித்தார். நான் வரிசையாக வைத்த ஓடுகளைக் கையால் ஒதுக்கிக் குப்பையோடு சேர்த்தார். அந்த நாற்பத்து மூன்று பேரில் இவளையும் சேர்த்து ஆறு பேருக்குத்தான் தவறாகச் சொல்லியிருந்தோம் என்பது பிறகு தெரிந்தது. மற்ற ஐந்து பேரும் திரும்ப மாத்திரை தொடங்கி உயிரோடு இருந்தார்கள். அதை யார் எனக்கு ஆறுதலாகச் சொன்னாலும் நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

கடைசியாக, அவள் உயிர் போனது எப்போது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சிவராத்திரி கழிச்சி ரெண்டாம் நாளு. பொழுது சாயற நேரம்."

அன்றோடு பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. நான் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் எந்த ஊர், எந்த எண்கள் என்று அதில் இருந்தது. அன்று இருநூற்று ஐம்பத்தேழிலிருந்து இருநூற்று அறுபத்து நான்கு வரை எட்டுப் பேரைப் பார்த்திருக்கிறேன். எட்டுப் பேருக்கும் வில்லை சரியாக இருந்தது, உடம்பும் நன்றாக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அங்கே கூழ் குடித்துக்கொண்டிருந்திருப்பேன். அந்த ஊரிலிருந்து இந்த வீட்டுக்கு இரண்டு மணி நேர நடை.